வாங்கிய கணினி யாருக்கு உரியது?

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவது வேறு. அதனைத் தன் உடைமையாக்கிக் கொள்வது வேறு. வீட்டை விற்றவன் அதன் திறவுகோலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, "உள்ளே வரும்போதெல்லாம் என்னைக் கேட்டு வா, எந்த அறையில் எதை வைக்கலாம் என்பதை நான் சொல்வேன், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் உனக்கு உரிமையில்லை" என்பானாயின், அவ்வீட்டை வாங்கியவனை வீட்டுக்குரியவன் என்று எவரும் சொல்லார், குடிக்கூலிக்கு இருப்பவன் என்றே சொல்வர். பல்லாயிரம் உருவா கொடுத்துப் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கி வரும் நம் இளைஞன் இந்த நிலையில்தான் வீடு திரும்புகின்றான். தன் நிலையை அவன் உணர்வதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

பெட்டியைப் பிரித்து, மின்னிணைப்புக் கொடுத்து, முதன்முறையாக ஆளியை அழுத்தியவுடன் அக்கணினி அவனிடம் என்ன கேட்கின்றது? அதில் இருப்பது விண்டோசு 11இன் வீட்டுப் பதிப்பாயின், இணைய இணைப்பைக் கேட்கின்றது. மைக்ரோசாப்டு நிறுவனத்தில் அவன் பெயரால் ஒரு கணக்கைத் தொடங்கச் சொல்கின்றது. நெடியதோர் உடன்படிக்கையைத் திரையில் காட்டி, ஒப்புக்கொண்டால்தான் மேலே செல்லலாம் என்கின்றது. அவ்வுடன்படிக்கையைப் படிப்பார் அரியர். படித்தவர்க்கு அதன் உட்பொருள் விளங்கும்: இம் மென்பொருள் உனக்கு விற்கப்படவில்லை, இன்னின்ன கட்டுப்பாட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் மட்டுமே உனக்குத் தரப்பட்டுள்ளது என்பதே அது. பணம் கொடுத்தவன் இவன்; உடைமையாளன் வேறொருவன்.

கணினியின் இரும்பும் கண்ணாடியும் அதன் உடம்பாயின், இயங்குதளம் அதன் உயிர் எனலாம். விசைப்பலகையில் நாம் அழுத்தும் எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோவதும், எழுதியதை வட்டில் பதிந்து காப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், இணையத்தோடு உறவாடுவதும் இயங்குதளத்தின் பணிகளே. அது யார் சொற்படி நடக்கின்றதோ, கணினியும் அவர் சொற்படியே நடக்கும். எனவே, புதிய மடிக்கணினியில் மாற்று இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வது என்பது பொழுதுபோகாத இளைஞரின் விளையாட்டன்று. வாங்கிய பொருளை உடைமையாக்கிக்கொள்ளும் செயல். தமிழுக்காகப் பாடுபடுவோர்க்கு அது மேலும் ஒரு படி இன்றியமையாதது. அதன் கரணியத்தைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

முதலில், அம்மாற்று எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பப் பயிலகத்தில் பணியாற்றி வந்த இரிச்சர்டு சுட்டால்மன் என்பார், 1983ஆம் ஆண்டு செபுத்தம்பரில் 'குனு' என்னும் முயற்சியை அறிவித்தார். எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்த்து மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், தாம் மாற்றியதைப் பரப்பவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தைப் படைப்பதே அவருடைய நோக்கம். இந்நான்கு உரிமைகளும் உள்ளதையே நாம் கட்டற்ற மென்பொருள் என்கின்றோம். 1989இல் அவ்வுரிமைகளைச் சட்டத்தின் மொழியில் கட்டிக் காக்கும் பொது உரிமம் ஒன்றும் வெளிவந்தது. 1991ஆம் ஆண்டு ஆகத்தில், பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 அகவை மாணவர் இலினசு தோர்வால்திசு, ஓர் இயங்குதளத்தின் கருவகத்தைத் தாம் எழுதி வருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அது அப்பொது உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததைத்தான் இலினக்சு என்று இன்று பொதுவாகச் சொல்கின்றோம். அதனை எளிதில் நிறுவிக்கொள்ளத்தக்க தொகுப்பாக்கி 1993இல் தெபியன் தோன்றியது. தெபியனை அடியாகக் கொண்டு 2004இல் உபுண்டு வெளிவந்தது.

இதைப் பொழுதுபோக்காளரின் பொம்மை என்று எண்ணுவார் உளர். உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் அத்தனையும் இலினக்சிலேயே இயங்குகின்றன. நம்மில் பெரும்பாலோர் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் கருவகமும் இலினக்சே. எனவே, "அது வேலைக்கு ஆகுமா?" என்னும் வினா பத்தாண்டுகளுக்கு முன்னரே விடை பெற்றுவிட்ட வினா.

"அயலான் ஆக்கிய விண்டோசை விட்டு, அயலானே ஆக்கிய இலினக்சுக்குப் போவதால் தமிழனுக்கு என்ன வந்துவிடப் போகின்றது?" என்று நம் அன்பரே சிலர் கேட்கின்றனர். கேட்கத்தக்க வினாவே. ஆயினும், அயன்மை என்பது ஒரு பொருள் எங்குப் பிறந்தது என்பதில் இல்லை. அது நம்மை எவ்வாறு நடத்துகின்றது என்பதில் உள்ளது. அச்சுப்பொறியும் அயல்நாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால், அதில் எந்த எழுத்தைக் கோப்பது, எந்த நூலை அச்சிடுவது என்பதை நாமே முடிவு செய்தோம். அதனாலேயே அது தமிழுக்குக் கருவியாயிற்று. அச்சுப்பொறியை விற்றவன், "நான் தரும் எழுத்தைத்தான் கோக்க வேண்டும், எழுத்து தேய்ந்தாலும் நீ வார்க்கக் கூடாது" என்றிருந்தால், அது நமக்குக் கருவியாயிராது, தளையாயிருக்கும். கட்டற்ற இயங்குதளம் முதல்வகையைச் சார்ந்தது. மூடிய இயங்குதளம் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இவ்வேறுபாடு வெறும் கொள்கையளவில் நிற்பதன்று. புதிய மடிக்கணினியில் மாற்றுத்தளத்தை நிறுவப் புகுவோன் முதல் நாளிலேயே அதனைக் கைப்படக் காண்பான்.

2012ஆம் ஆண்டில் விண்டோசு 8 வெளிவந்தபோது, அதன் முத்திரை பெறும் கணினிகளிலெல்லாம் ஒரு புதிய ஏற்பாடு கட்டாயமாயிற்று. கணினி தொடங்கும்போது, ஏற்கப்பட்ட கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே இயங்கவிடும் ஏற்பாடு அது. ஆங்கிலத்தில் அதற்குச் 'செக்யூர் பூட்' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு அது 'பூட்டு' என்றே விழுகின்றது, விழுவதும் பொருத்தமே. தீய மென்பொருள் தொடக்கத்திலேயே நுழைந்துவிடாமல் தடுக்க அது பயன்படுகின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், யாருடைய கையொப்பம் ஏற்கப்படும்? ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் மைக்ரோசாப்டின் திறவுகோலே பதிந்து வருகின்றது. ஆகவே, கட்டற்ற மென்பொருளாரும் 'சிம்' என்னும் சிறு முன்னிரல் ஒன்றை ஆக்கி, அதற்கு மைக்ரோசாப்டிடமே கையொப்பம் பெற்று, அதன் வழியாகவே தம் இயங்குதளத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. போட்டியாளனுடைய வீட்டு வாயிலில் ஒப்புகை பெற்றுத் தம் வீட்டுக்குள் நுழையும் நிலை இது. தொடக்கத்தில், இப்பூட்டை வேண்டியபோது நிறுத்திவைக்கும் வழி மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் இருந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. 2015இல் விண்டோசு 10 வந்தபோது, அவ்வழியை வைப்பதும் வைக்காததும் கணினியாக்குவோர் விருப்பம் என்று தளர்த்தப்பட்டது. 2022 முதல் வந்த சில மடிக்கணினிகளில், மைக்ரோசாப்டு அல்லாத பிறர்க்கு வழங்கப்பட்ட கையொப்பங்கள் முன்னிருப்பாக ஏற்கப்படுவதில்லை. கணினியின் அடிப்படை அமைப்புக்குள் சென்று நாமே அதனை இயக்கிவிட வேண்டியுள்ளது. உரிமை ஒரே நாளில் பறிக்கப்படுவதில்லை. அஃது அங்குலம் அங்குலமாகச் சுருங்கும். கேட்பார் இல்லாத இடத்தில் விரைந்து சுருங்கும்.

இன்னொன்று. 2024இல் வந்த விண்டோசு 11இன் பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகின்றது. களவு போன கணினியிலிருந்து பிறர் செய்தியை எடுத்துவிடாமல் இருக்க அது நல்ல காப்பே. ஆனால், அதன் மீட்புத் திறவுகோல் மைக்ரோசாப்டுக் கணக்கில் போய் அமர்ந்துகொள்கின்றது. அது தன் கணக்கில் இருக்கின்றது என்பதையே அறியாதவன், பூட்டமைப்பைச் சற்று மாற்றிய அளவில், 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கும் நீலத் திரையின்முன் செய்வதறியாது நிற்பான். திறவுகோல் விற்றவன் மடியில் என்று முதலில் சொன்னோமே, அஃது உவமை மட்டுமன்று என்பதை இங்குக் காண்க.

இவற்றையெல்லாம் சொல்வது அன்பர்களை அச்சுறுத்துவதற்கன்று, அணியமாவதற்கே. எனவே, செய்முறையையும் சுருங்கச் சொல்லி விடுகின்றோம்.

முதலாவது, கணினியை வாங்கும்போதே கேளுங்கள். இயங்குதளம் இல்லாமலோ, பிரீடாசு என்னும் சிறு தளத்தோடோ, உபுண்டுவோடோ வரும் மடிக்கணினிகள் அங்காடிக்கு வருவதுண்டு. கேட்பார் பெருகினால் அவையும் பெருகும். வாங்கும் கணினியின் கம்பியில்லா இணைப்புச் சில்லும் வரைவியல் சில்லும் எந்நிறுவனத்தவை, அவை இலினக்சில் இயங்குமா என்பதைப் பணத்தைக் கொடுக்குமுன் அறிந்துகொள்ளுங்கள்; கொடுத்தபின் அறிவதால் பயனில்லை.

இரண்டாவது, இருப்பதை அழிக்குமுன் புதியதை ஆய்ந்து பாருங்கள். இயங்குதளத்தை ஒரு விரலியில் ஏற்றி, வட்டில் எதையும் தொடாமல் விரலியிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். ஒலி வருகின்றதா, இணையம் இணைகின்றதா, திரையின் ஒளி கூடிக் குறைகின்றதா, மூடித் திறந்தால் உறங்கி விழிக்கின்றதா, ஒளிப்படக்கருவி இயங்குகின்றதா என்று ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். மிகப் புதிய மடிக்கணினிக்குப் பழைய பதிப்பு ஒத்துவராது. புதிய சில்லுகளை அறிந்த புதிய கருவகம் வேண்டும். எனவே, அண்மைப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விண்டோசையும் உடன்வைத்துக்கொள்ள விரும்பின், மீட்புத் திறவுகோலை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டிய கோப்புகளுக்கெல்லாம் வேறோர் இடத்தில் படி எடுத்துவையுங்கள். விண்டோசின் விரைவுத் தொடக்க ஏற்பாட்டை நிறுத்துங்கள். இன்றேல், அஃது அரைத் துயிலில் கிடந்து தன் வட்டுப்பகுதியை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். வட்டின் பகுதியை விண்டோசின் கருவியைக் கொண்டே சுருக்கி இடம் உண்டாக்குங்கள். சில இண்டெல் கணினிகளில் 'ஆர்.எசு.டி.' என்னும் வட்டமைப்பு இயக்கத்தில் இருப்பின், நிறுவும்போது வட்டே கண்ணிற் படாது. அதனை முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோசு தொடங்காமற் போகும். எனவே, அம்மாற்றத்தை மட்டும் அறிந்தார் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு செய்க.

இவ்வளவே. ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. முதல் முறைதான் தயக்கம். இரண்டாம் கணினிக்கு நீங்களே பிறர்க்குச் சொல்லித் தருவீர்கள்.

செய்தால் என்ன கிடைக்கும்? பணமின்றிக் கிடைக்கின்றது என்பதையே பலரும் முதலிற் சொல்வர். அது சிறு பயனே. இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு: கணினி எப்பொழுது பழையதாகும் என்பதை முடிவு செய்யும் உரிமை நம்மிடம் வருகின்றது. 2025ஆம் ஆண்டு அகுத்தோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10க்கான பொதுத்துணை முடிந்துவிட்டது. விலைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்ட ஓராண்டு நீட்டிப்பே வீட்டுப் பயனர்க்குத் தரப்பட்டது. விண்டோசு 11ஓ டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லையும், இண்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கின்றது. கையும் காலும் நன்றாயிருக்கும் கணினிகள், "நீ கிழவனாகிவிட்டாய்" என்று ஒரு நிறுவனம் சொன்ன ஒரே கரணியத்தால் குப்பைக்குப் போகின்றன. அதே கணினியில் இலினக்சை ஏற்றினால் அது மீண்டும் எழுந்து நடக்கின்றது. உபுண்டுவின் நெடுந்துணைப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுக் காலம் திருத்தங்கள் வருகின்றன. அதன்பின் அடுத்த பதிப்புக்கு விலையின்றி மாறிக்கொள்ளலாம். இன்று வாங்கும் புதிய கணினியும் நாளைய பழைய கணினியே. ஏழை வீட்டுப் பிள்ளையின் கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அந்தப் பிள்ளையின் கல்வி எத்தனை ஆண்டு நடக்கும் என்பதோடு பிணைந்தது.

இனி, நாம் தலைமையாகச் சொல்ல வந்ததற்கு வருவோம். அது தமிழ்.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை, இலினக்சின் விசைப்பலகைத் தொகுதியிலேயே இருக்கின்றது. தனியே ஒரு மென்பொருளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்துருக்கள் உடன் கிடைக்கின்றன. தெபியனை நிறுவும்போது, நிறுவும் திரையையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். இலிப்ரே ஆபிசு என்னும் அலுவலகத் தொகுப்பும் பயர்பாக்சு உலவியும் தமிழ்முகத்தோடு கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளிலும் வாழ்ந்த தமிழ்த் தன்னார்வலர், கூலியை எதிர்பாராமல் இரவெல்லாம் அமர்ந்து இத்திரைச்சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். அவர்தம் உழைப்பின்மேல்தான் நாம் இன்று நிற்கின்றோம்.

விண்டோசிலும் தமிழ்முகம் உண்டு. உண்மையை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு எங்கே என்றால், அங்குள்ள ஒரு சொல் பிழையாயிருந்தால், வடசொல்லாயிருந்தால், ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுதிவைத்ததாயிருந்தால், அதனை நாம் மாற்ற முடியாது. வேண்டுகோள் விடுக்கலாம், காத்திருக்கலாம். ஊதியம் வரும் எனக் கண்டால் அந்நிறுவனம் செய்யும். வாராது எனக் கண்டால் விட்டுவிடும். கட்டற்ற தளத்தில் அச்சொல் ஒரு கோப்பில் நம் கண்முன் கிடக்கின்றது. அதனைத் திருத்தி அனுப்பலாம். ஏற்கப்பட்டால் அடுத்த பதிப்பில் உலகின் எல்லாத் தமிழர் திரையிலும் அச்சொல் தோன்றும். ஏற்கப்படாவிடினும் நம் கணினியில் நாம் மாற்றிக்கொள்வதைத் தடுப்பார் இல்லை. 'டெர்மினல்' என்று கிடக்க வேண்டிய இடத்தில் 'முனையம்' என்று படிக்கின்றோமே, அஃது எந்த அரசாணையாலும் வந்ததன்று. யாரோ ஒரு தமிழர் உட்கார்ந்து எழுதியதால் வந்தது. பல்லாண்டுகளாகக் கட்டுரையிலும் மேடையிலும் நாம் கேட்டு வரும் உரிமை, இங்கே கேட்காமலேயே கிடைக்கின்றது.

கிடைத்த உரிமையை நாம் என்ன செய்தோம்? இங்குத்தான் நெஞ்சு வலிக்கின்றது. தமிழாக்கம் பல மென்பொருள்களில் பாதியில் நிற்கின்றது. ஒரு திரையில் தமிழும் அடுத்த திரையில் ஆங்கிலமும் மாறி மாறி வருகின்றன. ஒரே கருத்துக்கு ஓரிடத்தில் ஒரு சொல்லும் வேறோரிடத்தில் வேறொரு சொல்லும் வழங்குகின்றன. நிறுவிப் பார்த்த நம் அன்பர் சிலர், "தமிழ் நன்றாயில்லை" என்று சொல்லி ஆங்கிலத் திரைக்கே மாறிவிடுகின்றனர். மேடையில் ஒரு பிறமொழிச் சொல் விழுந்தால் பொறாத நாம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பார்க்கும் திரையில் முழுமையும் ஆங்கிலம் நிற்கப் பொறுத்திருக்கின்றோம். மூடிய தளத்தில் இருப்பவன் "எனக்கு உரிமையில்லை" என்று சொல்லித் தப்பலாம். கட்டற்ற தளத்தில் இருப்பவனுக்கு அந்தப் புகலும் இல்லை. உரிமை இருக்கின்றது, உழைப்புத்தான் இல்லை.

இதழாசிரியர்க்கும் அச்சகத்தார்க்கும் தனியே ஒரு சொல். நம் இதழ்களும் நூல்களும் நெடுங்காலமாக ஒவ்வொரு நிறுவனத்தின் தனிக்குறியாக்க எழுத்துருவிலும் கோக்கப்பட்டு வந்தன. ஒருவர் எழுத்துருவில் கோத்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் புரியாக் குறிகளே தோன்றும். தமிழக அரசு 1999இல் 'தாம்', 'தாப்' என்னும் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் ஒருங்குறியையும் 16 துணுக்கு அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. அதன் பின்னும் பல அச்சகங்களில் பழைய எழுத்துருவே ஆள்கின்றது. அதனை விட முடியாமையால் விண்டோசையும் விட முடியவில்லை என்கின்றனர். அவ்வெழுத்துருவை விற்ற கடை மூடப்பட்டால், அடுத்த விண்டோசில் அது இயங்காமற் போனால், இருபது ஆண்டு இதழ்களும் படிப்பாரின்றிக் குறிக்குவியலாகக் கிடக்கும். ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்று வருந்துகின்றோம். நம் காலத்துச் சுவடியை நாமே பூட்டி வைத்துத் திறவுகோலைத் தொலைத்துக்கொண்டிருக்கின்றோம். இருக்கும் கோப்புகளையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி, எந்தத் தளத்திலும் திறக்கும் வடிவில் இருவேறு இடங்களில் வைப்பது, இலினக்சை நிறுவுவோர் நிறுவாதோர் எல்லார்க்குமே உடனடிக் கடமை.

இடர்ப்பாடுகள் இல்லை என்று சொல்லோம். பக்க வடிவமைப்புக்கு அடோபியின் மென்பொருளையும் வணிகக் கணக்குக்கு டேலியையும் நம்பி வாழ்வோர்க்கு, அவற்றின் இலினக்சுப் பதிப்புகள் கிடையா. அவர்கள் இரண்டு தளங்களையும் உடன்வைத்திருக்கலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. எழுதுவோர், படிப்போர், படிப்பிப்போர், நிரல் கற்கும் மாணவர் ஆகியோர்க்கு அந்தத் தடையும் இல்லை.

அரசு செய்யட்டும் என்று காத்திருப்போர்க்கும் ஒன்று சொல்வோம். அரசு செய்யாமல் இல்லை. சென்னையிலுள்ள சீடாக்கு நடுவம் 'பாசு' என்னும் இலினக்சுத் தொகுப்பை 2007இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசோடு அப் பாசும் அதில் இடம் பெற்றது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல் உபுண்டுவையும் அறிமுகம் செய்கின்றது. அலுவலகப் பணிகளுக்குக் கட்டற்ற ஓப்பன் ஆபிசையே கற்பிக்கின்றது. தொடங்கும்போது இரண்டு பெயர்கள் தோன்றும் திரையில், அறிந்த பெயரைத்தான் பிள்ளை தேர்ந்தெடுக்கும். அந்த இரண்டாம் பெயர் என்ன என்று அதற்குச் சொல்ல வீட்டில் ஒருவர், தெருவில் ஒருவர், பள்ளியில் ஒருவர் வேண்டும். அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்குப் பள்ளிகளில் இலினக்சு வேரூன்றியது கணினியைக் கொடுத்ததால் மட்டுமன்று. ஆசிரியர்களைப் பல்லாயிரக்கணக்கில் பயிற்றியதாலும், தம் மொழிக்கும் பாடத்துக்கும் ஏற்றவாறு தொகுப்பைத் தாமே ஆக்கிக்கொண்டதாலும் வேரூன்றியது.

மக்கள் பழக்கத்தில் ஊன்றாத ஆணை எப்படி முடியும் என்பதற்குச் செருமனியின் மூனிக்கு நகரம் ஒரு பாடம். 2003இல் அந்நகர மன்றம் தன் கணினிகளை இலினக்சுக்கு மாற்ற முடிவெடுத்தது. 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. 2017 நவம்பரில் அதே மன்றம் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது. மேலிருந்து வந்த மாற்றத்தை மேலிருப்போரே திருப்பிவிட முடியும். கீழிருந்து, ஒவ்வொரு வீட்டுக் கணினியாக வரும் மாற்றத்தைத் திருப்ப எந்த மன்றத்தாலும் இயலாது.

ஆதலின், தமிழன்பர்களே, அரசுக்கு வேண்டுகோள் எழுதும் கையால் இம்மூன்றையும் செய்யுங்கள். புதிய மடிக்கணினி வாங்குவோர், அதனைத் திறக்கும் முதல் கிழமையிலேயே விரலியிலிருந்து ஒரு கட்டற்ற தளத்தை இயக்கிப் பாருங்கள். நிறுவியவர்கள், திரையைத் தமிழுக்கு மாற்றி, தமிழ் 99ஐத் தேர்ந்து, ஆங்கிலத்துக்கு ஓடாமல் ஒரு திங்கள் அதிலேயே இருங்கள். கண்ணில் உறுத்தும் சொல்லையெல்லாம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். சொல்லாக்க அறிவுள்ளவர்கள், அத்தாள்களை வாங்கி, அந்தந்த மென்பொருளின் மொழிபெயர்ப்புக் களத்தில் ஏற்றுங்கள். இலிப்ரே ஆபிசுக்கு வெப்லேட்டு, பயர்பாக்சுக்குப் பொன்டூன் என்று அதற்கான வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. நாளுக்குப் பத்துச் சொல் என்று பத்துப் பேர் அமர்ந்தால், ஓராண்டில் 36,500 சொற்றொடர்கள் தமிழாகும்.

பிள்ளைக்குப் பெயரைத் தமிழில் இடச் சொன்னோம். கடைப்பலகையைத் தமிழில் எழுதச் சொன்னோம். இனி அப்பிள்ளை நாள் முழுதும் முகம் பார்க்கும் கணினியும் தமிழில் விழிக்கட்டும். அதற்குத் தடையாய் நின்ற பூட்டைத் திறக்கும் வழி நமக்குத் தெரிந்துவிட்டது. இன்று மாலையே ஒரு விரலியை எடுத்துக்கொண்டு அமருங்கள்.